பத்துப் பேர் டீம்

மார்கழி 2, திங்கள்

மழை. நேற்றும் மழை. ஆற்றுத் தண்ணீர் பின்வேலிக்குக் கிட்ட வந்துவிட்டது. விறகெல்லாம் ஈரம். அடுப்பை ஊதி ஊதிக் கண் எரிச்சல்.

செய்ய வேண்டியவை:
தேத்தண்ணிக் கடைக்கு பேக்கரியில் பாண் நாளைக்குக் குறைத்துச் சொல்ல வேணும். இந்த மழைக்குள் யார் வரப்போகிறார்கள்.
மாமாவின் இருமல் மருந்து.
றேடியோவுக்குப் பற்றறி. இருந்தால்.
அக்காவுக்குப் பதில்.

கடைசியை எழுதிவிட்டு வெட்டப் பார்த்தேன். வெட்டினால் போய்விடுமா. நேற்று அக்கா களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்தது என்னைப் பார்க்க மட்டும் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடை லொறி ஓட்டுகிற ஞானத்துக்கு என்னைக் கேட்கிறார்களாம். பெண்சாதி காய்ச்சலில் செத்துப்போனவர். பிள்ளைகள் இல்லை, குடி இல்லை, சொந்தமாக வீடு வளவு இருக்கிறது. அக்கா ஒவ்வொன்றாக விரல் மடித்துச் சொன்னாள். வாற ஞாயிறு திரும்ப வருவாளாம். அதற்குள் ஓமா இல்லையா சொல்லிவிட வேணுமாம்.

"உன்ட மனிசனக் கொண்டு போய் ஆறு வருசம் கா. ஆறு மாசமில்ல," என்றாள் அக்கா.

எனக்குத் தெரியாதா. அன்றைக்கு அவர் உடுத்திருந்த சாரத்தின் கரைகூட ஞாபகம். ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்து, எங்களை வாசலில் நிறுத்தி, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அங்கே கண்டேன், இங்கே கண்டேன் என்று பிறகு வந்து சொன்னவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் மூன்று இடம் சொன்னார்கள். மூன்று இடத்துக்கும் போனோம், மாமாவும் நானும். இப்போது யாராவது வந்து சொன்னால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுகிறேன். கோபப்படவும் தெம்பில்லை.

ஞானத்தை எனக்குப் பிடிக்கவில்லை என்று இல்லை. பிடித்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்க உரிமை இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. மாமா இருக்கிறார். இந்த வீட்டில் அவருக்கு நான், எனக்கு அவர். தன் மகன் திரும்பி வருவான் என்று இருக்கிற மனிதரிடம் போய் நான் என்ன சொல்வது.

மழையென்றால் கடையாக இருக்கிற எங்கள் முன்விறாந்தையில் மாநாடு. மாமா, தவராசா மாஸ்டர், ஜலீல் நானா. மாமா இந்த ஊர்க் கிரிக்கெட் கழகத்துக்கு முப்பது வருஷம் அம்பயராக நின்றவர். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார், அந்தக் காலத்தில் கழகத்துக்கு ஸ்கோர் எழுதியவர். ஜலீல் நானா காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் சாரம், சட்டைத்துணி கட்டி வியாபாரத்துக்கு வருபவர். எங்களுக்கு எதிராக ஆடியவர். எவ்வளவு கலவரம் நடந்து முடிந்தாலும் பாதை திறந்த மறுநாள் அவர் சைக்கிள் மணி கேட்கும்.

றேடியோவில் பற்றறி செத்ததிலிருந்து இவர்களுக்கு வேலை இதுதான். உலகத்தில் எல்லாக் காலத்திலும் சிறந்த பதினொரு பேரைப் பொறுக்குவது. டெஸ்டுக்கு ஒரு டீம், ஒருநாள் ஆட்டத்துக்கு ஒரு டீம். போன கிழமை முழுக்க ஒரே சண்டை. எப்போதோ செத்துப்போன ஒரு ஆஸ்திரேலியாக்காரனை ஒருநாள் டீமில் எடுக்கலாமா கூடாதா.

"அவன் ஒருநாள் ஆட்டத்தக் கண்ணாலயும் கண்டதில்லயே. எப்பிடி எடுப்பீங்க?" என்று மாஸ்டர்.

"கண்டிருந்தா அடிச்சிருப்பான் சேர்," என்று ஜலீல் நானா.

செத்தவனுக்கு அவன் காணாத ஆட்டத்தில் இடம் பிடித்துக் கொடுக்க இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நான் பாத்திரம் கழுவுகிறேன்.

இன்றைக்கு மாமா சொன்னார், உலகம் போதுமாம். இனி நம்மட ஊருக்கு எடுப்பமாம்.

மார்கழி 3, செவ்வாய்

காலையில் மழை இல்லை. பத்து மணிக்குத் தொடங்கியது.

பாண் மிஞ்சியது. மத்தியானம் அதையே சம்பலோடு சாப்பிட்டோம். மாமாவுக்குப் பல்லில்லாததால் தேத்தண்ணியில் தோய்த்து.

ஊர் டீமும் இரண்டு. மட்டக்களப்பு டவுன்காரரோடு ஆடின இரண்டு நாள் ஆட்டத்துக்கு ஒன்று. முப்பது ஓவர் ஆட்டத்துக்கு ஒன்று. ஜலீல் நானா டெனிஸ் பந்து ஆட்டத்துக்கு மூன்றாவது டீம் கேட்டார். மாமா அவரைப் பார்த்த பார்வையில் நானா வாயை மூடிக்கொண்டார்.

மாமா சட்டம் வைத்துவிட்டார். மட்டையை வைத்தவனைத்தான் எடுக்கலாம். இன்னும் ஆடுகிறவனை எடுக்கக்கூடாது.

"ஆடுறவன் நாளைக்கு டக் அடிச்சா நம்மட தெரிவு பிழைச்சுப்போகும். முடிச்சவன்ட கணக்குத்தான் கணக்கு."

நியாயமான சட்டம். செத்தவன் முடித்தவன். கனடாவுக்குப் போன ரஞ்சன் முடித்தவன், அங்கே பனிக்குள் அவன் எங்கே ஆடப்போகிறான். ஷெல் பட்டுக் கால் போன செல்வம் முடித்தவன். செல்வத்துக்கு இரண்டு டீமிலும் இடம். கட்டாருக்குப் போன விக்கட் கீப்பர் கொன்ராக்ட் முடிந்து வந்து ஆடினாலும் ஆடுவான், ஆகவே அவன் வெளியே. கீப்பர் இல்லாமல் என்ன டீம் என்று மாஸ்டர். அதற்கே ஒரு மணித்தியாலம். கடைசியில் தபால்கார கணேசைக் கீப்பராக்கினார்கள். அந்த மனுசன் பந்தைப் பிடித்ததைவிட விட்டது அதிகம் என்று அவர் பெண்சாதியே சொல்லும்.

மார்கழி 4, புதன்

இருமல் மருந்து கிடைத்தது. பற்றறி இல்லை.

ஊரடங்குச் சட்டம் பின்னேரம் ஆறிலிருந்து. கடையை ஐந்துக்கே மூடினோம்.

இரண்டு நாளாகக் காதில் விழுகிறது, இன்றைக்குத்தான் கவனித்தேன். இரண்டு நாள் டீமைச் சொல்லும்போதும் பத்துப் பேர். ஓவர் டீமைச் சொல்லும்போதும் பத்துப் பேர். ஏழாவது வரைக்கும் சரியாக வரும். எட்டாவது வரும்போது ஒருவர் செருமுவார். ஒருவர் வெற்றிலைக்குக் கை நீட்டுவார். பிறகு ஒன்பதாவது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டுத் திரும்ப எண்ணினேன். பத்துத்தான்.

எட்டாவதில் யார் ஆடினது என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது. இடக்கை சுழல் யோகன். என்னுடைய அவர். டவுன் டீம் இரண்டு நாளும் நின்று ஆடிக் களைத்த ஆட்டத்தில் ஒரு பக்கத்தால் முழு நாளும் பந்து போட்டவர். மாஸ்டர்தான் சொல்வார், யோகன்ட பந்து கையை விட்டுப் போனதுக்குப் பிறகுதான் என்ன செய்யிறது எண்டு யோசிக்கும் என்று. கலியாணத்துக்கு முன்னம் நான் அந்த மைதானப் பக்கம் போனதில்லை. கலியாணத்துக்குப் பிறகு சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். மரத்தடியில் இருந்து பார்ப்பேன். மாமா அம்பயர், மகன் பந்து போடுகிறார். எல்.பி. அவுட் கேட்டால் மாமா இலேசில் கை தூக்க மாட்டார். மகனுக்காக அவுட் கொடுத்தார் என்று பேர் வரக்கூடாதாம். அந்த நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருப்பார்கள். நடுவில் நான்.

அவரை விட்டுவிட்டு எடுத்தால் அது டீம் இல்லை. எடுத்தால் அவர் முடித்தவர் என்றாகிவிடும். சட்டம் வைத்தது மாமா. மற்ற இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் மூன்று பேரையும் பார்க்கிறேன்.

எனக்கு எரிச்சல் வந்தது. இப்படி ஓட்டை விட்டு விட்டு எத்தனை நாள் விளையாடுவது. பிறகு யோசித்தால் நானும் அதைத்தான் செய்கிறேன். தாலி கிடக்கிறது. பொட்டு வைக்கிறேன். யாராவது கேட்டால் செருமுகிறேன்.

மார்கழி 5, வியாழன்

இன்றைக்குப் பிந்தித்தான் எழுதுகிறேன், முன்னமே எழுத முடியவில்லை.

ஆமியின் சுற்றிவளைப்பு. விடியும் வெள்ளாப்போடு நாய்கள் குரைத்தன. ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு. பெண்கள் வீட்டு வாசலில் நிற்க வேணும். மாமாவை இருமலோடு கொண்டு போனார்கள், மாஸ்டர் கை பிடித்துக்கொண்டு போனார். மழை பெய்யவில்லை, அதுவும் ஒரு கொடுமை. தலையில் வெயில்.

நான் வாசலில் நின்றேன். ஒரு மணி, இரண்டு மணி. எதிர்வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டே நின்றது. அவரைக் கொண்டு போன முறை இப்படி நின்றபோது திரும்பி வந்தவர்களை எண்ணினேன். ஒன்று குறைந்தது. இந்த முறை எண்ணவில்லை.

பின்னேரம்தான் விட்டார்கள். எங்கள் தெருவில் எல்லாரும் வந்துவிட்டார்கள். அங்கால் தெருவில் இரண்டு பேர் வரவில்லை.

மாமா வந்து மர வாங்கில் இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார். பிறகு,

"பிச்சில ட்ரக் ஏத்தி வச்சிரிக்கானுகள் புள்ள. நடுப் பிச்சில. ரெண்டு பக்கமும் பள்ளம்."

ஒரு நாள் முழுக்க வெயிலில் இருத்தி, சாக்கால் முகம் மூடி ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்கு முன்னால் நடக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இவர் ஆடுகளத்தைப் பற்றிப் பேசுகிறார். காலைக் கழுவ வெந்நீர் வைத்தேன்.

கால் கழுவிவிடும்போது சொன்னார். மைதான வாசலில் ஒரு ஆமிக்காரன், தமிழ் கொஞ்சம் தெரிந்தவன், ஒவ்வொருவரையும் கேட்டானாம், மகன்மார் இருக்கா என்று. ஓம் என்றால் எங்கே என்று கேட்பான், எங்கே என்று கேட்டால் இவர் என்ன சொல்ல. பின்னால் வரிசை நிற்கிறது.

"இல்ல எண்டு சொல்லிப்போட்டன் புள்ள."

"நல்லது மாமா. அப்பிடித்தான் சொல்லோணும்."

"வாய்க்குச் சுகமா வந்திட்டு. ஒரு சொல்லு. இல்ல."

சோறு வேண்டாம் என்றார். தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். மாமா தேத்தண்ணி வேண்டாம் என்று சொன்னது நான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தரம்.

மார்கழி 6, வெள்ளி

மேகம். காற்று. மீன் இல்லை, ஆற்றில் யாரும் இறங்கவில்லை. கருவாடு.

மாஸ்டர் பள்ளிக்கூடம் போகவில்லை. மைதானம் இருக்கிற கோலத்தில் பிள்ளைகள் வராதாம். காலையிலேயே வந்து இருந்துவிட்டார். ஜலீல் நானாவும் வந்தார். நேற்று நடந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நேராக ஓவர் டீம். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று நினைத்தேன். பிறகு, வேறு என்னத்தைப் பேச என்றும் நினைத்தேன்.

பதினொரு மணி போல் சங்கக்கடை லொறி வந்து நின்றது. ஞானம் இறங்கி வந்து ஒரு தேத்தண்ணி சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தார். தேத்தண்ணிக் கடைக்குள் செருப்புக் கழற்றி வருகிற ஆளை நான் கண்டதில்லை.

வாங்கின் ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மனுசனுக்குக் கிரிக்கெட் ஒரு மண்ணும் தெரியாது. பந்து போடுகிறவனும் மட்டை பிடிக்க வேணுமா என்று கேட்டார். மாஸ்டருக்குப் புரையேறியது. மாமா மட்டும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு நாள் ஆட்டம் என்றால் என்ன, ஓவர் ஆட்டம் என்றால் என்ன. இரண்டு நாள் ஆட்டத்தில் அவசரப்படுகிறவன் தோற்பான், ஓவர் ஆட்டத்தில் அவசரப்படாதவன் தோற்பான். அதனால் ஒன்றுக்கு நல்லவன் மற்றதுக்கு உதவ மாட்டான். ஞானம் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

பிறகு மாஸ்டர் இரண்டு நாள் டீமைச் சொன்னார். வழமை போல ஏழு, செருமல், ஒன்பது.

ஞானம் விரல் மடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஐயா, ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர் எண்டுதானே சொன்னீங்க? சேர் சொன்னது பத்துப் பேர்."

ஜலீல் நானா சைக்கிளைப் பார்த்தார். மாஸ்டர் என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்தார். நான் கையில் கேத்தலோடு நின்றேன்.

மாமா சொன்னார், "ஓம் தம்பி. ஒரு இடம் கிடக்கு."

அவ்வளவுதான். ஞானத்துக்கு என்ன பிழை என்று தெரியாவிட்டாலும் பிழை என்று விளங்கியது. தேத்தண்ணியை மடமடவென்று குடித்து வாய் சுட்டுக்கொண்டார். போகும்போது கோப்பையைக் கொண்டு வந்து அடுப்படி வாசலில் வைத்தார்.

"நான் கேக்கக்கூடாதத கேட்டுட்டன் போல கிடக்கு. மன்னிச்சுக் கொள்ளுங்க."

"அது எங்கட வீட்டு மனிசன்ட இடம்," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆறுதல் சொல்வார், வருவார் கவலைப்படாதீங்க என்பார், எல்லாரும் சொல்கிற மாதிரி என்று நினைத்தேன். சொல்லவில்லை. லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொல்லாமல் போனதற்காக அந்த மனுசனை எனக்குப் பிடித்தது. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்கழி 7, சனி

மழை திரும்ப. பின்வேலி தண்ணீருக்குள். கோழிகளை உள்ளே எடுத்தேன். வீடு முழுக்கக் கோழி மணம்.

பாதை மூடியிருக்கிறது, ஜலீல் நானா வரவில்லை. மாஸ்டரும் வரவில்லை. மாமா காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் வந்தார். ட்ரக் எடுத்துவிட்டானுகளாம். பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதாம். மண் போட்டு உருளை இழுக்க வேணும், ஆனால் உருளை எங்கே, அதையும் ஆமியின் காவல் சென்றிப் பொயின்டுக்குக் கொண்டு போய்விட்டார்களாம்.

மத்தியானம் நான் கருவாடு கழுவிக்கொண்டிருக்க, மாமா பலகையை இழுத்துப் போட்டுக் கிட்ட வந்து இருந்தார். அடுப்படிக்குள் அவர் வருகிற ஆள் இல்லை.

"அந்த லொறிக்காரப் பொடியனுக்கு நல்லா எண்ணத் தெரியும்."

"ஓம் மாமா."

"அவன் தேத்தண்ணிக்கு வந்தவன் இல்ல."

நான் தலை நிமிரவில்லை. கருவாட்டுச் செதிலையே சுரண்டினேன்.

"முப்பது வருசம் அம்பயரா நிண்டவன் நான் புள்ள. மட்டையில பட்டத கண்ணால பாக்கிறதில்ல, காதால கேக்கிறது. உன்ட அக்கா போன ஞாயிறு இஞ்ச இரிந்து குசுகுசுத்தது முன்னுக்குக் கேட்டது."

அப்போது எனக்கு அழுகை வந்தது. வெட்கத்திலா, களைப்பிலா தெரியாது. "நான் ஒண்டும் சொல்லல்ல மாமா. ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல."

"அதுதான் கேட்டன். ஒண்டும் சொல்லாம இரிந்ததையும் கேட்டன்."

பிறகு அவர் கேட்டார், "வருவான் எண்டு நினைக்கிறியா?"

ஆறு வருஷத்தில் ஒருவரை ஒருவர் கேட்காத கேள்வி. ஓம் என்றால் பொய். இல்லை என்றால் நான் கொன்ற மாதிரி. அவர் அதற்கு ஒரு சொல் போதும் என்று வியாழக்கிழமை கண்டுபிடித்துவிட்டார், எனக்கு அந்தச் சொல் வரவில்லை. கை முழுக்கக் கருவாட்டு நாற்றத்தோடு அவரைப் பார்த்தேன். அவர் எழும்பினார், முழங்கால் பிடித்துக்கொண்டது, என் தோளில் கை ஊன்றி நிமிர்ந்தார்.

"சரி, சமையலப் பாரு," என்று போனார்.

அந்த மனிதரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன். அவருக்கு யார் பாண் தோய்த்துக் கொடுப்பார்கள். அக்கா விரல் மடித்துச் சொன்ன கணக்கில் மாமா எந்த விரல்.

மார்கழி 8, ஞாயிறு

வெயில். ஆச்சரியம். துணியெல்லாம் வேலியில்.

கடலுக்குப் போக ஆற்றுவாய் வெட்டிவிட்டார்களாம், தண்ணீர் இறங்குகிறது. வேலிக்கால் சேறாகத் தெரிகிறது.

ஜலீல் நானா வந்தார், பாதை திறந்தாயிற்று. மாஸ்டர் வந்தார். அக்கா பத்து மணி பஸ்ஸில் வந்தாள், வாழைப்பழச் சீப்பு, புதுச் சட்டைத்துணி. நேரே அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தப் பார்த்தாள். வேண்டாம், எல்லாருக்கும் கேட்கிறதுதான் என்றேன். விளங்காமல் பார்த்தாள்.

முன்னுக்கு மாமாவின் குரல்.

"இண்டைக்கு முடிப்பம். இனி மாத்தம் இல்ல. மாஸ்டர், நீங்க சொல்லுங்க."

மாஸ்டர் இரண்டு நாள் டீமைச் சொன்னார். செல்வம். ரஞ்சன். தபால்கார கணேசு. ஏழாவது சொன்னார். செருமினார். ஒன்பதாவதைச் சொல்ல வாயெடுத்தார்.

"எட்டு, யோகன்," என்றார் மாமா.

அக்கா என் கையைப் பிடித்தாள், அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜலீல் நானாதான் முதலில். "ஐயா, சட்டம் ஒண்டு இரிக்கே. மட்டைய வச்சவனைத்தானே..."

"சட்டம் நான் வச்சது தம்பி. எட்டாவது யோகன். இடக்கை சுழல். ரெண்டு நாள் ஆட்டத்துக்கு இந்த ஊரில அவனப் போல ஒருத்தன் பந்து போட்டதில்ல. இனிப் போடவும் மாட்டான்."

குரல் ஆடவில்லை. எல்.பி.க்குக் கை தூக்குகிற மாதிரிச் சொன்னார், இலேசில் தூக்காத கை.

எனக்கு நிம்மதி வரும் என்றுதான் ஆறு வருஷமாக நினைத்தேன். யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்று. வந்தது கோபம். யார் இவர் முடித்துவிட? நான் அல்லவா சொல்ல வேணும்? நான் சொல்லாமல் இருக்கிறபோது இவர் எப்படிச் சொல்வார்? சட்டியை இறக்கி வைத்துவிட்டு விறாந்தைக்குப் போனேன். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஓவர் டீம் மாமா? அதிலயும் அவர் எட்டா?"

மாமா என்னைப் பார்த்தார். இரவு முழுக்கத் தூங்காத கண்.

"இல்ல புள்ள. ஓவர் ஆட்டத்துக்கு அவன் சரிவர மாட்டான். அடி வாங்குவான். ஜலீல் தம்பியே ஆத்துக்குள்ள அடிச்சிருக்கு."

"ரெண்டு தரம்," என்றார் ஜலீல் நானா, தலை குனிந்தபடி.

"அதில எட்டுக்கு வேற ஆள் போட்டாச்சி. ஆனா வெளிய விட மனமில்ல. பன்னிரண்டாவது ஆளா வச்சிரிக்கன்."

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. அழுகையை மறைக்கக் கோபப்படுகிற மனுசன். "என்ன அண்ணன் இது? அவ்வளவு பெரிய போலர். அவன் போய் இவனுகளுக்குத் தண்ணி தூக்குறதா?"

"தூக்கட்டும் மாஸ்டர். இடம் இன்னொருத்தனுக்குக் குடுத்தாச்சி. ஆனா அவன் உடுப்புப் போட்டு, அங்கதான் ஓரத்தில இரிப்பான். ஆருக்கும் ஏலாமப் போனா உள்ள வருவான். வராட்டியும், டீமில பேர் இரிக்கும்."

அப்படிச் சொல்லிவிட்டு மாமா என்னைத்தான் கேட்டார், மற்றவர்களைப் பார்க்கவில்லை. "சரியா புள்ள?"

சரி என்று தலையாட்டினேன். அழுதேன், எல்லாருக்கும் முன்னால். ஆறு வருஷத்தில் அந்த விறாந்தையில் நான் அழுததில்லை. ஜலீல் நானா எழும்பிப்போய் சைக்கிளில் கட்டியிருந்த துணிமூட்டையைச் சும்மா அவிழ்த்துக் கட்டினார். மாஸ்டர் பத்திரிகையை மடித்தார், விரித்தார். மாமா அசையவில்லை.

முகம் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"அப்ப, என்ன சொல்ல கா ஞானத்துக்கு?"

"ஓம் எண்டு சொல்லு."

அவள் கையைப் பிடிக்க வந்தாள். நான் கொடுக்கவில்லை.

"இன்னும் சொல்லி முடியல்ல. மாமாவும் என்னோடதான் வருவார். அவர்ட கட்டில், அவர்ட வாங்கு, முன்னுக்கு வந்து இரிக்கிற இந்த ரெண்டு பேர், எல்லாம். அதுக்கு ஞானம் ஓம் எண்டா எனக்கும் ஓம்."

"முதல் புருசன்ட தகப்பனக் கூட்டிக்கொண்டா? ஊரில ஆரும் கேள்விப்பட்டிரிக்கிதா?"

"இல்ல," என்றேன்.